வாசற்படித் தீர்ப்பு

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் வீடு மாறுவதில்லை. குடித்தனக்காரரைக் காலி பண்ணச் சொல்வதும் இல்லை. அந்த ஒரு சம்பிரதாயத்தின் புண்ணியத்தில்தான் பக்கத்து வீட்டு மாடிப் போர்ஷனில் ஒரு பெண் இன்னும் குடியிருக்கிறாள். இருபத்து நாலு வயசு இருக்கும். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. தனியாக அறை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, எங்கள் ஓசூரில் இப்படி எத்தனையோ பெண்கள். (அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன்.)

மூன்று வாரத்துக்கு முன்னால் தண்ணீர் லாரி வந்த அன்று பேச்சு ஆரம்பமாயிற்று. குடத்தோடு வரிசையில் நிற்கும்போது வீட்டுக்கார அம்மா என் காதருகே வந்து, "மாடியில இருக்காளே, முன்னாடி இருந்த இடத்துல ஒரு ஆம்பளையோட மண்டையை உடைச்சிருக்காளாம். போலீஸ் கேஸாம்!" என்றார்.

"ராத்திரியில கதவைத் தள்ளிக்கிட்டு உள்ளே வந்தானாம்ல? இஸ்திரிப் பெட்டியால போட்டாளாம்" என்றாள் இன்னொருத்தி.

"அதெப்படி? கதவு எப்படித் திறந்திருந்துச்சு?"

கடைசி வீட்டுக் கன்னடக்கார மாமி மட்டும், "நமகே யாக்கம்மா பேக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்கு எதற்கு என்று அர்த்தம். ஆனால் அவரும் அங்கேயேதான் நின்றார்.

ஐந்தே நிமிஷம். லாரிக் குழாயில் நாலு குடம் நிறைவதற்குள் விசாரணை முடிந்து, சாட்சி முடிந்து, தண்டனையும் முடிவாகிவிட்டது. ஆவணி பிறந்ததும் அந்தப் பெண் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் என்ன சொன்னேன் என்கிறீர்களா? ஒன்றும் சொல்லவில்லை. என் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏனென்றால் இதே காரியத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை செய்தவள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

என் சித்தப்பாவுக்கு அஞ்செட்டிப் பக்கம், காட்டை ஒட்டி நாலு ஏக்கர். ராகியும் அவரையும் போடுவார். கதிர் வாங்கும் சமயத்தில் காட்டுப்பன்றி வரும், யானை வரும். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கின ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார். குழாய் வாயில் கரிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரைத் திணித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக் கம்பியால் இடித்துத் தயார் பண்ண வேண்டும். ஒரு வெடிதான். இரண்டாவது வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து. சினிமாவில் வருகிற மாதிரி படபடவென்று சுடுகிற சாமான் இல்லை.

1993-இல், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு ராத்திரி இரண்டு பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். வேட்டைக்குத் துப்பாக்கி வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் சாமானைத் தரமாட்டேன் என்றார் இவர். வாய்ச்சண்டை முற்றி, ஒருவன் சித்தியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கொடுவாளை வைத்தான். சித்தப்பா சுட்டார். சுடப்பட்டவன் பத்து இருபது அடி ஓடி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் விழுந்து இறந்துபோனான். விடியும் முன் சித்தப்பா துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தானே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கேஸ் ஆறு வருஷம் நடந்தது. குண்டு முன்பக்கம் பட்டதா, விலாவில் பட்டதா. கொடுவாள் கழுத்தில் இருந்தபோது சுட்டாரா, அவன் திரும்பி ஓடும்போது சுட்டாரா? இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஆறு வருஷமும் போயிற்று. 1999-இல் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள்.

ஊர் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குத் 'துப்பாக்கிக்காரன் வீடு' என்று பெயர் விழுந்தது. பாதிப் பேர் வீரன் என்றார்கள், பாதிப் பேர் கொலைகாரன் என்றார்கள். வீரன் என்றவர்களும் அந்த வீட்டில் பெண் எடுக்க வரவில்லை, பாருங்கள்! என் சித்தி மகளுக்கு வந்த வரன்கள் விசாரித்ததோடு போயின. கடைசியில் எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் ஒரு இடத்தில் கொடுத்தார்கள். அங்கே இந்தக் கதை தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே சித்தப்பா மகள் வீட்டுக்கு அதிகம் போகவே மாட்டார்.

இப்போது என் கதை. 2003-இல் எனக்கு வளைகாப்பு. யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போடும்போது என் மாமியார், "சுபகாரியம்... உங்க சித்தப்பா வீட்டை விட்டுடலாமே" என்றார். நான் ஒரு வார்த்தை எதிர்த்திருக்கலாம். "சரி அத்தை" என்றேன். உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. நாமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லையே என்று. சித்தி வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாக இரண்டு டஜன் கண்ணாடி வளையல் அனுப்பியிருந்தார், பச்சையும் சிவப்புமாய். நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பிரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

நமக்கெல்லாம் நன்றாக நினைவிருக்கிற ஒன்று 2012 பிப்ரவரியில் மதுரையில் நடந்தது. குடித்துவிட்டு வந்து பெற்ற மகளிடமே முறை தவறி நடக்கப்போன கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தாள், அவன் இறந்துபோனான். அப்போது மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைக் காட்டி, இது தற்காப்பு என்று அந்த அம்மாளை விடுவித்தார். வீட்டில் செய்தி படித்துக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் பாராட்டு. கூடவே, குற்றமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது கோர்ட்டா, போலீஸா என்று வாதமும் கிளம்பியது. நியாயமான கேள்விதான், தப்பென்று சொல்லமாட்டேன். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பக்கம், கத்தியைக் காட்டிக் கெடுக்க வந்தவனிடமிருந்து தப்பிக்க அவனையே குத்திவிட்ட 19 வயசுப் பெண்ணையும் அதே பிரிவின்படிதான் போலீஸார் விடுவித்தார்கள்.

மதுரை அம்மாளுக்காக அழுத அதே நான்தான், சித்தியின் வளையலைப் பிரோவில் வைத்திருந்தவள். முன்பின் தெரியாதவளென்றால் நமக்கு இரக்கம் சுலபமாக வருகிறது. சொந்தக்காரியாக, அடுத்த வீட்டுக்காரியாக இருந்தால்தான் கதவு எப்படித் திறந்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று என் மகளின் சிநேகிதி, வக்கீலுக்குப் படிப்பவள், எனக்கு விளக்கிச் சொன்னாள். பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. அந்த நூறாவது பிரிவு இப்போது 38. உயிர் போகும் அல்லது பலத்த காயம் படும் என்று நியாயமாகப் பயப்படும்படியான தாக்குதல், கற்பழிக்க வருவது, கடத்திக்கொண்டு போக வருவது, ஆசிட் ஊற்ற வருவது போன்ற சமயங்களில், தடுக்கும்போது எதிரியின் உயிரே போனாலும் குற்றமாகாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமில்லை, மகளையோ பக்கத்து வீட்டுக்காரியையோ காப்பாற்றினாலும் அதே உரிமைதான்.

அதற்காகக் கை நிறைய அதிகாரம் கொடுத்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆபத்து நீங்கினதும் உரிமையும் நீங்கிவிடும். ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு இல்லை. கிருஷ்ணகிரித் தோப்பில் மாங்காய் பறிக்க வந்த பையனை, திருடன் என்று சொல்லிச் சுடவும் முடியாது. தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டுகிற பொறுப்பு செய்தவர் தலையில்தான். ஆனால் துளிச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி காட்டினால் போதும். உயிருக்குப் பயந்தவன் கையில் தங்கம் நிறுக்கிற தராசு இருக்காது என்பதைக் கோர்ட்டுகளும் பல வழக்குகளில் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

பஞ்சாபில் ஒரு வழக்கு. கேட்டபோது எனக்கு எங்கள் சித்தப்பா கதையே போல இருந்தது. 1991 ஜூலையில் நிலத் தகராறு. அப்பாவை அரிவாளால் வெட்டினவனை மகன் துப்பாக்கியால் சுட்டார். கீழ்க் கோர்ட்டு விடுதலை செய்தது, ஹைகோர்ட்டு தண்டித்தது, 2010 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தற்காப்புதான் என்று விடுவித்தது. பதினெட்டரை வருஷம்! அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை வருஷம் எந்த முகத்தோடு கல்யாணம் கார்த்திகைக்குப் போயிருப்பார்கள்?

எல்லாத் துப்பாக்கிக்காரரும் என் சித்தப்பா மாதிரி என்று நான் வாதாட வரவில்லை. மதுரைச் சம்பவம் நடந்த அதே 2012 பிப்ரவரியில், 15-ஆம் தேதி, கேரளக் கடலுக்கு அப்பால் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். கடற்கொள்ளைக்காரர்கள் என்று பயந்துவிட்டோம் என்றார்கள். செத்துப்போன இரண்டு பேரும் மீனவர்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. 2021 ஜூனில், 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டின பிறகு, இங்கே இருந்த கேஸை சுப்ரீம் கோர்ட்டு முடித்துவைத்தது. பயந்தேன் என்று ஒருவர் சொன்னவுடன் நம்பிவிடுவதும் சரியில்லை. அதை நிதானமாகப் பார்க்கத்தான் கோர்ட்டு இருக்கிறது. தண்ணீர் லாரிக்கு முன்னால் நிற்கிற நமக்கு அந்த நிதானம் எங்கே இருக்கிறது?

சித்தப்பா 2014-இல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். அவரை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். என்ன தோன்றிற்றோ, "சித்தி, அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன். கை நின்றுவிட்டது.

"இருபத்து மூணு வருஷமாச்சு கண்ணு. நீ கேக்கறதுதான் மொதல் தடவை" என்றார்.

முந்தானையை விலக்கிக் காதுக்குக் கீழே காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. போலீஸும் வக்கீலும் காயம் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் சித்தப்பா எப்படிச் சுட்டார், அவன் எங்கே விழுந்தான் என்றுதான் கேட்டார்களாம். அதற்கப்புறம் ரொம்ப நாள் பின்னல் போட முடியாமல், பின்னால் யாராவது முடியைத் தொட்டாலே உடம்பு நடுங்கியிருக்கிறது. ராத்திரி விளக்கு அணைத்தால் தூக்கம் வராது. சித்தப்பாவும் தூங்கமாட்டாராம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முழித்துக்கொண்டு படுத்திருப்பார்களாம். ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி.

"செத்தவனோட பொண்டாட்டி சந்தையில புளி விப்பா. கைப்புள்ளையோட வுட்டுட்டுப் போயிட்டான் அவன். அவளைப் பாக்கக் கூடாதுன்னே நான் வேற சந்தைக்குப் போவேன். ஒரு நாளு நேருக்கு நேரா வந்துட்டா. கால் நகரல எனக்கு. அரைக் கிலோ போடும்மான்னேன். நிறுத்தா. தட்டு எறங்கினப்புறமும் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டா. பேசல. நானும் பேசல."

அதைச் சொல்லிவிட்டு மறுபடி அவரை உரிக்க ஆரம்பித்தார். வளையலைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

இது வீட்டு விஷயம் சொல்கிற பத்தி ஆகையால் இன்னும் சிலதைச் சொல்லியாக வேண்டும். இப்படி ஒன்று நடந்துவிட்டால் நம் பெண்கள் முதலில் செய்வது, தரையைக் கழுவி, கிழிந்த துணியைத் துவைத்துப் போடுவது. அதைச் செய்யாதீர்கள். எல்லாம் அப்படியே இருக்கட்டும். உடனே 112-க்குப் போன். பெண்களுக்கான உதவிக்கு 181. காயம் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும். கீறலும் கன்றிப்போன இடமும் இரண்டு நாளில் மறைந்துவிடும், அப்புறம் சொன்னால் யார் நம்புவார்கள்? வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று பயப்பட வேண்டாம். 1987-இல் வந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணாக இருந்தால் வருமானக் கணக்கே கிடையாது, இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சூரியன் மறைந்த பிறகு விடிவதற்குள் பெண்ணைக் கைது செய்வதென்றால், தவிர்க்க முடியாத காரணமும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரியும் இருக்க வேண்டும்.

மனசு விஷயத்தைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். தூக்கம் வராமல், சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போட்டு, ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது வியாதிதான். வேப்பிலை அடித்துப் போகாது. 14416 என்று ஒரு எண் 2022-இலிருந்து இருக்கிறது, டெலி-மானஸ் என்பார்கள். தமிழிலேயே பேசலாம். நமக்குப் பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரியும் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான். என் சித்தி காலத்தில் யாராவது கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நானே கூட.

சரி, மாடி வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். லாரி வந்த அன்றைக்கு மூன்றாவது நாள் கொள்ளு ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு படியேறினேன். என் வீட்டுக்காரர், "கோர்ட்டு கேஸ் சமாசாரம், உனக்கெதுக்கு?" என்றுதான் சொன்னார். கதவைத் தட்டினேன். "யாரு?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பெயர் சொன்னேன். உள்ளே நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள், பகலிலேயே.

அவன் யார், எப்படி வந்தான், கதவு எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நாக்கு அரித்தது, பொய் சொல்வானேன். "உனக்கு அடி பட்டுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டேன். வலது மணிக்கட்டை நீட்டினாள். அன்று முறுக்கினது, இன்னும் சரியாகவில்லை. அந்தக் கையோடுதான் எட்டு மணி நேரம் மெஷினில் நிற்கிறாள். தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில் வைத்துத் தூக்குவதைப் பார்த்துத்தான் யாரோ திமிர் பிடித்த நடை என்று சொல்லியிருந்தார்கள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் கூடப் போய் வருகிறேன். தெருவில் இரண்டு பேர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கன்னட மாமி மட்டும் நேற்று லாரி வந்தபோது, ஒன்றும் சொல்லாமல், அந்தப் பெண்ணின் குடத்தை எடுத்துத் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார்.

வீட்டுக்கார அம்மாவிடம் நான் இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டேன். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது, ஊர் என்ன சொல்லும்?" என்கிறார். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் யோசித்தேன் என்பதால் என்னால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்கு மறுபடி போய்ப் பேச வேண்டும். ஆவணி பிறக்க இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.